பிளட்-சி: முழுத் தொடரையும் பார்த்துவிட்டுப் படத்துக்கு வருவதா, நேராகப் படத்துக்கே போவதா?

2011 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘பிளட்-சி’ என்னும் திகில் அனிமே (ஜப்பானிய அசைவூட்டத் தொடர்), பன்னிரண்டு அத்தியாயங்கள் ஓடிய பின்னும் கதையை முடிக்காமல், முடிவைத் திரையரங்குக்குத் தள்ளிவைத்தது. அந்த முடிவு 2012 ஜூன் 2 அன்று ‘பிளட்-சி: தி லாஸ்ட் டார்க்’ என்ற முழுநீளப் படமாக வெளிவந்தது. இன்று இந்தப் படத்தைப் பார்க்க நினைப்பவர் முதலில் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். தொடர் முழுவதையும் கடந்து வரலாம். படத்தை மட்டும் பார்க்கலாம். தொடரில் சில அத்தியாயங்களைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு வரலாம். பன்னிரண்டாம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டுப் படத்தைத் தொடாமலேயும் இருக்கலாம். நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு, நான்கிலும் இழப்பு உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையின் அச்சம் தொலைக்காட்சித் தொடருக்குள்ளேயே உச்சத்தைத் தொட்டு, அங்கேயே முடிந்தும் விடுகிறது. படத்தில் எஞ்சியிருப்பது ஒரு பெண் தன்னை ஏமாற்றியவனைத் தேடிச் சென்று கணக்குத் தீர்க்கும் கதை. ஆகவே திகிலுக்காக வருகிறவருக்கும் கதை முடிவுக்காக வருகிறவருக்கும் ஒரே வழியைப் பரிந்துரைக்க முடியாது. பெரும்பாலான பார்வையாளர்களுக்கு முழுத் தொடரும் பிறகு படமும் என்ற நீண்ட வழியே சரி என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வழியில் முதல் பாதி சலிப்பூட்டும் என்பதை மறைத்துவிட்டுப் பரிந்துரைப்பது நியாயமாகாது.

நேரக் கணக்கு எளியது. ஒவ்வொரு அத்தியாயமும் ஏறத்தாழ 24 நிமிடங்கள் என்பதால் தொடர் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வரும். படம் இரண்டு மணி நேரத்தைத் தொடாது. இரண்டையும் சேர்த்தாலும் ஒரு விடுமுறை நாளுக்குள் அடங்கிவிடும் அளவுதான். எனவே நேரமில்லை என்பதைவிட, பொறுமை இல்லை என்பதே தொடரைத் தவிர்ப்பவர்களின் உண்மையான காரணமாக இருக்கிறது.

அந்தப் பொறுமையின்மைக்கு நியாயம் இருக்கிறது. கதையின் நாயகி சாயா கிசராகி, ஏரியும் மலையும் சூழ்ந்த உகிஷிமா என்னும் சிற்றூரில் கோயில் பூசாரியின் மகள். பகலில் பள்ளி மாணவி, இரவில் தந்தையின் ஆணைப்படி புனித வாளேந்தி, மனிதரைத் தின்னும் ஃபுருகிமோனோ என்னும் தொல்லுயிர்களை வேட்டையாடுபவள். காலையில் கோயிலிலிருந்து புறப்பட்டுத் தானே கட்டிய பாட்டைப் பாடிக்கொண்டே நடக்கிறாள், கால் இடறி விழுகிறாள், ஃபுமிதோ நனஹாரா என்ற கனிவான இளைஞர் நடத்தும் காபிக் கடையில் சாப்பிடுகிறாள், பள்ளிக்குத் தாமதமாகப் போகிறாள், மாலையில் ஒரு அரக்கனோடு மோதுகிறாள். அடுத்த அத்தியாயத்திலும் இதேதான். அதற்கடுத்ததிலும் ஏறக்குறைய இதேதான். பாடல் வரிகள் சற்றே மாறுகின்றன. ஊரில் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். ஆனால் பள்ளித் தோழிகளின் அரட்டையோ ஆசிரியையின் சிரிப்போ குறைவதில்லை. மூன்றாம் அத்தியாயத்தோடு பலர் விலகிவிடுவதில் வியப்பில்லை.

ஆயினும் இந்தச் சலிப்பு கைத்தவறால் விளைந்ததாகத் தெரியவில்லை. தொடரை இயக்கிய த்சுதோமு மிஸுஷிமா அனுபவமில்லாதவர் அல்லர். க்ளாம்ப் என்ற நான்கு பெண் ஓவியர்களைக் கொண்ட புகழ்பெற்ற மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) குழுவின் ‘எக்ஸ்எக்ஸ்எக்ஸ் ஹோலிக்’ படைப்பை 2006இல், ‘பிளட்-சி’யையும் தயாரித்த புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனத்துக்காகத் தொடராக்கியவர் அவர்தான். ‘பிளட்-சி’யின் கதையும் பாத்திர வடிவமும் அதே க்ளாம்ப் குழுவுடையவை, திரைக்கதையை அக்குழுவின் நானாசே ஓகாவாவும் ஜுன்இச்சி ஃபுஜிசாகுவும் எழுதினார்கள். இத்தனை தேர்ந்த கைகள் சேர்ந்து ஒரே காலையைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன என்றால், அந்தத் திரும்பலே கவனிக்க வேண்டிய பொருள் என்று கொள்ளலாம். ஊர் ஏன் இவ்வளவு ஆளரவமற்று இருக்கிறது, நேற்று செத்தவரைப் பற்றி இன்று யாரும் ஏன் பேசுவதில்லை, இந்த ஆசிரியை ஏன் பாடத்தை விட்டுவிட்டு அரக்கர் கதை சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே பார்ப்பவருக்கு, இந்த முதல் பாதியே தொடரின் மிக நுட்பமான திகில்.

அடுத்த இரண்டு பத்திகளில் தொடரின் மையத் திருப்பம் வெளிப்படையாகப் பேசப்படுகிறது. நீண்ட வழியே போவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள் அவற்றைத் தாண்டிப் படிப்பது நல்லது. மற்றவர்களுக்கு அந்தத் திருப்பம் தெரியாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது.

உகிஷிமா ஓர் ஊரே அல்ல; சாயா ஒருத்திக்காக அமைக்கப்பட்ட அரங்கம். தோழிகளும் வகுப்புத் தலைவனும் ஆசிரியையும் கூலிக்கு நடித்தவர்கள். தெருவில் செத்தவர்கள் துணை நடிகர்கள். தந்தை என்று அவள் நம்பியவர் தந்தை அல்லர். காபிக் கடையில் புன்னகையோடு உணவு பரிமாறிய ஃபுமிதோதான் இந்தச் சோதனையை வடிவமைத்தவர். மனிதரல்லாத ஒருத்தியின் நினைவை அழித்து, வேறு வாழ்க்கையைக் கொடுத்தால் அவளுடைய இயல்பு மாறுமா என்று பார்ப்பதே அவருடைய நோக்கம். முன்பே இறந்துபோனதாகக் காட்டப்பட்ட, சாயாவின் பள்ளித் தோழிகளான இரட்டைச் சகோதரிகள் பதினோராம் அத்தியாயத்தில் உயிரோடு, முற்றிலும் வேறு குரலில், வேறு பேச்சில் வந்து நிற்கும்போது, அதுவரை சகித்துக்கொண்ட அரட்டைகள் அனைத்தும் பார்வையாளரின் நினைவில் பொருள் மாறுகின்றன. அந்தச் செயற்கையான வசனங்களைப் பார்த்து ‘நடிப்பு சரியில்லையே’ என்று அலுத்துக்கொண்டவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் நீண்ட வழிக்கும் குறுக்கு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. மேலே நான் எழுதியதுபோல் இந்தச் செய்தியைத் தகவலாகப் பெறுவது வேறு, பத்து அத்தியாயங்கள் அந்தப் பொய்யில் சாயாவோடு சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் பெறுவது வேறு. அவள் எவ்வளவு நேரம் ஏமாற்றப்பட்டாளோ, அதில் ஒரு பங்கையாவது பார்வையாளரும் ஏமாந்திருக்க வேண்டும். படத்தில் அவள் ஒரு சொல்லும் பேசாமல் நிற்கும் காட்சிகளுக்கு எடை அங்கிருந்துதான் வருகிறது.

பன்னிரண்டாம் அத்தியாயத்தின் வன்முறையைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. முயலை ஒத்த பேருருவங்கள் ஊர்மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் அந்தக் காட்சிகள், தொலைக்காட்சி அனிமே பெரும்பாலும் தொடத் தயங்கும் எல்லையைத் தாண்டியவை. ஒளிபரப்பின்போது இவற்றில் பல இடங்கள் மறைக்கப்பட்டன. பின்னர் வந்த டிஸ்க் பதிப்பில்தான் மறைப்பின்றி வெளியாயின. 2015இல் சீனப் பண்பாட்டு அமைச்சகம் தன் நாட்டு இணையத் தளங்களில் தடைசெய்த அனிமே பட்டியலில் இத்தொடரும் இடம்பெற்றது. குருதிக் காட்சிகளைப் பார்க்க இயலாதவர்கள் இதை மன உறுதியின் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை எதுவும் இல்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது.

அந்த வழி, படத்தை மட்டும் பார்ப்பது. கேட்பதற்கு வினோதமாக இருந்தாலும், தொடரின் கடைசி அத்தியாயத்தைவிட அதை முடித்துவைக்கும் படம் குருதியில் மிகவும் சிக்கனமானது. இயக்குநர் மாறியது இதற்கு முக்கியக் காரணம். படத்தை இயக்கியவர் நவோயோஷி ஷியோதானி. அதே ஆண்டின் அக்டோபரில் தொடங்கிய ‘சைக்கோ-பாஸ்’ தொடரின் இயக்குநராக இன்று அவரைப் பலர் அறிவார்கள். எழுத்தாளர்கள் அதே இருவர், நிறுவனமும் அதேதான், இசையும் அதே நவோகி சாதோவினுடையது. ஆனால் படம் வேறு ஊரில், வேறு பருவத்தில், வேறு வேகத்தில் நடக்கிறது. வெயில் காயும் சிற்றூரின் இடத்தில் குளிர்காலத் தோக்கியோவின் இரவுகள் வருகின்றன. ஓடும் சுரங்க ரயிலுக்குள் நிகழும் தொடக்கக் காட்சியில் ஒளியும் நெரிசலும் ஓசையும் கையாளப்பட்டிருக்கும் விதம், இப்படத்துக்காக ஒதுக்கும் நேரத்துக்கு அந்த ஒரு பகுதியே போதும் என்று சொல்லவைக்கும்.

படத்தின் தோக்கியோவில் சிறுவர் பாதுகாப்பு என்ற பெயரில் இளையோர் இரவில் வெளியே வருவது தடுக்கப்பட்டிருக்கிறது; இணையமும் அவர்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்த ஆட்சிக்குப் பின்னால் ஃபுமிதோவின் கை இருக்கிறது. அவரை அம்பலப்படுத்த முயலும் சிறு இளைஞர் குழு ஒன்று சாயாவைத் தற்செயலாகச் சந்திக்கிறது. குழுவில் ஒருத்தியான மானா ஹிராகியின் தந்தை காணாமல் போனவர். இந்தக் கற்பனைக்கு அன்றைய தோக்கியோவில் ஒரு வேர் உண்டு. 2010 டிசம்பரில் தோக்கியோ பெருநகர சபை, இளையோர் நலன் பற்றிய தன் ஆணையைத் திருத்தி, மங்காவிலும் அனிமேயிலும் வரும் சில வகைப் பாலியல் சித்திரிப்புகளின் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. பெரிய மங்கா பதிப்பகங்கள் எதிர்ப்புத் தெரிவித்து அடுத்த ஆண்டின் தோக்கியோ அனிமே கண்காட்சியைப் புறக்கணிப்பதாக அறிவித்தன. அந்தச் சூழலில் வளர்ந்த ஒரு படைப்பு, குழந்தைகளைக் காப்பதாகச் சொல்லும் சட்டத்தை வில்லனின் கருவியாக்கியிருப்பதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தொடரைப் பார்க்காதவருக்கும் இந்த அடுக்கு முழுமையாகக் கிடைக்கும்.

கதைத் தொடர்ச்சியைப் பொறுத்தவரையும் புதியவர் தொலைந்துபோக மாட்டார். சாயா யார், ஃபுமிதோ அவளுக்கு என்ன செய்தார் என்பவை படத்துக்குள்ளேயே சுருக்கமாகச் சொல்லப்படுகின்றன. மானா அவளைப் பற்றி எதுவும் அறியாதவளாக இருப்பதால், புதிய பார்வையாளரின் கேள்விகளை அவளே கேட்டுவிடுகிறாள். ஆனால் புரிவதும் உறைப்பதும் ஒன்றல்ல. தொடரில் வாயோயாமல் பாடிக்கொண்டிருந்த பெண் இவள் என்பதை அறியாதவருக்குப் படத்தின் சாயா, அனிமேயில் நூறு முறை பார்த்த இறுகிய முகத்து வாள்வீராங்கனைகளில் இன்னொருத்தி மட்டுமே. சாயாவுக்கும் ஃபுமிதோவுக்கும் இடையிலுள்ள வெறுப்பு என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காத உறவுதான் படத்தின் அடித்தளம். அந்த உறவு வளர்ந்தது காபிக் கடை மேசையில், தொடரின் அந்தச் சலிப்பூட்டும் காலைகளில். படம் அதை நினைவூட்டுகிறது, ஆனால் மீண்டும் கட்டியெழுப்புவதில்லை. அதனால் இறுதி மோதல் புதியவருக்குக் காரணம் தெரிந்த சண்டையாகவும், தொடரைக் கடந்து வந்தவருக்கு வேறொன்றாகவும் தெரியும். அது என்ன என்பதை இங்கே சொல்லப் போவதில்லை.

படத்தின் குறைகள் இரு வகையினருக்கும் பொது. இளைஞர் குழுவில் மானாவையும், குழுவுக்குப் பணமும் இடமும் தரும் குரோதோ மொகாரியையும் தவிர மற்றவர்கள் பெயருக்கு மேல் வளர்வதில்லை. நடுப்பகுதியில் கணினித் திரைகளுக்கு முன் நடக்கும் உரையாடல்கள் நீளுகின்றன. அந்த நேரத்தை இறுதிப் பகுதிக்குக் கொடுத்திருந்தால், அங்கே அவசரமாகக் கொட்டப்படும் விளக்கங்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். கணினி வரைகலையில் எழும் பேருருவம், கையால் வரைந்த சுற்றுப்புறத்தோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. திகில் படம் என்ற பெயர்ப்பலகையை நம்பி வருகிறவர் இறுதியில் அதிரடிப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டதாக உணரக்கூடும்.

மூன்றாவது வழியாகிய பொறுக்கிப் பார்த்தல், கேட்பதற்கு அறிவார்ந்த சமரசம் போலத் தோன்றும். முதல் இரண்டு அத்தியாயங்கள், பிறகு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, அதன் பின் படம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் நான்கரை மணி நேரத்துக்குள் முடியும். கதையின் எலும்புக்கூடு முழுவதும் கிடைத்துவிடும். ஆனால் இத்தொடருக்கு இந்த முறை மற்றத் தொடர்களைவிட அதிகத் தீங்கு செய்கிறது. திரும்பத் திரும்ப நிகழ்வதன் மூலமே பொருள் தரும் ஒரு படைப்பில் திரும்பல்களை வெட்டிவிட்டால், கடைசி அத்தியாயங்கள் வெறும் செய்தி அறிவிப்பாகிவிடும். இடையில் இரட்டைச் சகோதரிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காணாதவருக்குப் பதினோராம் அத்தியாயத்தின் அதிர்ச்சியில் பாதி இல்லை. முதல் பாதியில் பொறுமை தீர்ந்துவிட்டவர், அத்தியாயங்களைத் தாண்டுவதைவிட ஓரிரு நாள் இடைவெளி விட்டுத் தொடர்வதே மேல். அதுவும் முடியாதென்றால், அரைகுறையாகப் பார்ப்பதைவிட நேராகப் படத்துக்குப் போய்விடலாம்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்வது என்ற நான்காவது வழியை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். பலர் அந்த இறுதியை முடிவற்ற முடிவு என்று குறைகூறினார்கள். பின்னால் படத்தைச் சீட்டு வாங்கிப் பார்க்கவைக்கும் வணிக உத்தி என்றும் சொன்னார்கள். வணிகம் அதில் இல்லாமல் இருக்காது. ஆனால் திகிலின் தர்க்கப்படி பார்த்தால், வாழ்க்கை என்று நம்பியது அனைத்தும் பிடுங்கப்பட்டு, காயப்பட்ட முகத்தோடு எஞ்சியிருப்பவளிடம் கதையை விட்டுவிடுவது ஒரு நேர்மையான இறுதிதான். நீதி கிடைக்கும் என்ற உறுதி வந்தவுடன் அச்சம் தளர்ந்துவிடுகிறது. படம் அந்த உறுதியைத் தருகிறது. திகிலை மட்டும் நாடி வருகிறவர், முடிச்சு அவிழாமல் இருப்பதைத் தாங்கக்கூடியவர் என்றால், அவருக்குத் தொடரோடு நிறுத்துவதே சிறந்த வழி. சாயாவுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வாரம் கழித்தும் கேட்டுக்கொண்டிருப்பவர் படத்துக்குப் போகட்டும்.

சிலர் இவற்றுக்கெல்லாம் முன்னால் ‘பிளட்’ வரிசையின் மூலப் படத்திலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்பதுண்டு. ஹிரோயுகி கிதாகுபோ இயக்கி 2000இல் வந்த ‘பிளட்: தி லாஸ்ட் வாம்பயர்’ ஐம்பது நிமிடங்களுக்கும் குறைவான படம், 1966இல் யோகோதா அமெரிக்க விமானத் தளத்தில் நடக்கிறது. 2005 அக்டோபர் முதல் ஓராண்டு ஓடிய ‘பிளட்+’ ஐம்பது அத்தியாயங்கள் கொண்டது, ஓகினாவாவில் தொடங்குகிறது. சாயா என்ற பெயரும் வாளும் பொதுவே தவிர, மூன்றின் கதைகளும் தனித்தனியானவை. ஒன்றைப் புரிந்துகொள்ள மற்றொன்று தேவையில்லை. இருந்தாலும் 2000ஆம் ஆண்டுப் படத்தை மட்டும் முன்கூட்டிப் பார்த்துவைப்பது பயனுள்ளது. அதுவும் சுரங்க ரயில் பெட்டிக்குள் ஒரு கொலையோடுதான் தொடங்குகிறது; ‘தி லாஸ்ட் டார்க்’ அந்தத் தொடக்கத்துக்குச் செய்யும் மரியாதை, பார்த்தவருக்கு மட்டுமே பிடிபடும். ‘பிளட்+’ஐ இந்தக் காரணத்துக்காக யாரும் தேட வேண்டாம்.

க்ளாம்ப் வாசகர்களுக்கு ஒரு சிறு செய்தி. தொடரில் சாயாவோடு பேசும் நாய்க்குக் குரல் தந்தவர் ஜுன் ஃபுகுயாமா. ‘எக்ஸ்எக்ஸ்எக்ஸ் ஹோலிக்’ தொடரில் அவர் யாருக்குக் குரல் தந்தார் என்பது நினைவிருப்பவர், படத்தில் வரும் கடைக்காரரைக் கண்டதும் மற்றவரைவிட ஒரு கணம் முன்னதாகவே புன்னகைப்பார். அந்த நாயைத் தொடரில் சந்திக்காமல் படத்துக்கு வருகிறவருக்கு அந்தக் காட்சி, காரணமில்லாமல் செருகப்பட்டதாகவே படும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒலித்தடத்தைப் பற்றியும் முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஆங்கில டப் இரண்டுக்குமே உண்டு. வாசிக்கும் வேகம் தடையாக இருப்பவர்களுக்கு அது போதும். ஆனால் சாயாவாகப் பேசும் நானா மிஸுகி, தொடரின் உயர்ந்த, அசட்டுத்தனமான பாடும் குரலிலிருந்து படத்தின் தாழ்ந்த, அளந்த குரலுக்கு இறங்கியிருப்பது இந்தக் கதையின் பாதியைத் தனியாகவே சொல்லிவிடுகிறது. ஃபுமிதோவின் குரலான கெஞ்ஜி நோஜிமாவோ எதிர்த்திசையில் செல்கிறார்: உண்மை வெளிப்பட்ட பிறகும் அந்தக் கனிவில் ஒரு துளியும் குறைப்பதில்லை, அதுவே நடுங்கவைக்கிறது. எனவே ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பார்ப்பதையே பரிந்துரைப்பேன். பதிப்பைப் பொறுத்தவரை, கதை நகர்வில் எந்தத் தகவலும் மறைப்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கவில்லை. ஆகவே தொடரை முழுமையாகப் பார்க்க விரும்பி, குருதிக்கு மட்டும் தயங்குகிறவர் ஒளிபரப்புப் பதிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். அப்படிச் செய்தாலும் பன்னிரண்டாம் அத்தியாயத்தைச் சாப்பிட்டு எழுந்தவுடன் போடாதிருப்பது நல்லது; வீட்டில் பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்திலும் வேண்டாம்.